எம்எஸ் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்

தாழம்பூ (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விடுவேன், இன்று எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. வயது 26, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண் மங்கியது, கண்ணை உருட்டினால் வலி, சிவப்பு நிறம் மட்டும் சாயம் போன துணி மாதிரி வெளிறித் தெரிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு நேராக நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அப்புறம் எம்ஆர்ஐ, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது, ஸ்டீராய்டு டிரிப்ஸ், வாயெல்லாம் இரும்புச் சுவை, தூக்கம் வராத இரவுகள். கடைசியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கும் நோய் என்றார்கள். இப்போது டைமெத்தில் ஃப்யூமரேட் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்து எரியும். மீட்டிங்கில் ஒருத்தர் "என்ன, யாராவது ப்ரபோஸ் பண்ணாங்களா" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். நான் பார்க்கும் ஆஸ்பத்திரியில் எம்எஸ் நோயாளிகளின் விவரங்களைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள், நீங்களும் சேர விருப்பமா என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போடுவதற்குள் அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "பேரை எழுதிக் கொடுத்தா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்பது அவர் பயம். பெரியம்மாவுக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை, சத்துக் குறைவு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

எனக்கு என்னவோ கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன் என்று அம்மா கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் சேர்ந்தவர்கள், ஆய்வு எதிலாவது கலந்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கடலோடி (தூத்துக்குடி)

வாங்க தாழம்பூ. எனக்கு 31 வயது, கால் மரத்துப்போவதில் ஆரம்பித்த கேஸ். நான் பதிவேட்டில் இருக்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். ஆய்வு செய்கிறவர்கள் கைக்குப் போவது ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, எம்ஆர்ஐயில் என்ன, இவ்வளவுதான். பெயரும் போன் நம்பரும் உங்கள் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும். படிவத்திலேயே அது எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பதிவேட்டை நடத்தும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேவையில்லை, உங்கள் தெரு மெடிக்கல் ஷாப் போதும்.

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு நான் என் மருந்தையே காட்டுவேன். நான் ரிட்டுக்சிமாப் எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காலையில் போய்ப் படுத்தால் முதலில் ஒவ்வாமை வராமல் இருக்க ஒரு அவில் ஊசி, பாராசிட்டமால், கொஞ்சம் ஸ்டீராய்டு. அவில் போட்டதும் கண் சொருகிவிடும், டிரிப்ஸை மெதுவாக விட்டுவிட்டு நர்ஸ் வந்து வந்து பிரஷர் பார்ப்பார், தொண்டை அரித்தால் உடனே சொல்லச் சொல்வார். சாயந்தரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். இது முதலில் ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. எம்எஸ்ஸுக்குப் பலன் இருக்கிறது என்று 2008லேயே ஒரு சிறிய ஆய்வில் தெரிந்தது, ஆனால் நிறுவனம் அதை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் புது மருந்தான ஒக்ரெலிசுமாப் பக்கம் போனது. 2017ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது, விலையைக் கேட்டால் நம்மால் உட்கார முடியாது. பழைய மருந்துக்குக் காப்புரிமை முடியும் தறுவாயில் இருந்தது, அதில் எவன் காசு போட்டு ஆய்வு செய்வான்?

செய்தது ஸ்வீடன். அரசாங்கப் பணத்தில், சுமார் 200 நோயாளிகளை வைத்து. ரிட்டுக்சிமாப் ஒரு பக்கம், டைமெத்தில் ஃப்யூமரேட் இன்னொரு பக்கம். இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) வந்தவர்கள் ரிட்டுக்சிமாப் பக்கம் 3 சதவீதம், மற்ற பக்கம் 16 சதவீதம். 2022ல் வெளியானது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்எஸ்ஸுக்கென்று முதல் முறையாக மூன்று மருந்துகள் ஏறின, அதில் ஒன்று ரிட்டுக்சிமாப். இந்தியாவில் இதைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலை கையைக் கடிக்கும், ஆனால் வீட்டை விற்க வேண்டியதில்லை. எங்கேயோ ஸ்வீடனில் முன்பின் தெரியாத 200 பேர் கையை நீட்டியதால்தான் தூத்துக்குடியில் நான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

தாழம்பூ

ஐயோ, நான் சாப்பிடுவது அந்த 16 சதவீதப் பக்கம்தானே? மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா?

நைட்டூட்டி (நரம்பியல் முதுகலை மாணவர்)

கொஞ்சம் பொறுங்கள். 16 சதவீதம் என்றால் மீதி 84 சதவீதம் பேருக்கு அந்த இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வரவில்லை என்றும் அர்த்தம். உங்களுக்குப் புதிதாகத் தழும்பு எதுவும் எம்ஆர்ஐயில் இல்லையென்றால், ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால், எதற்கு மாற்ற வேண்டும்? ரிட்டுக்சிமாப் போட்டால் பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் காலியாகும், தொற்று பயம் கூடும். நம் ஊரில் அதற்கு முன் காசநோய் இருக்கிறதா, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடக்கூடாது. தடுப்பூசிகளையும் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள், இங்கே படித்ததை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டால் அந்தச் சிவப்பும் எரிச்சலும் குறையும்.

பதிவேடு பற்றி. தாழம்பூ சொல்வது 2021ல் தொடங்கியதாக இருக்கும், ஐசிஎம்ஆர் பணம், டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைப்பு. அது வெறும் தலை எண்ணும் வேலை என்று நினைக்காதீர்கள். எம்எஸ் மாதிரியே வந்து நிற்கும் இரண்டு நோய்கள் இருக்கின்றன, ஒன்று கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்எம்ஓ, இன்னொன்று மாக் எதிர்ப்பான் (ஆன்டிபாடி) நோய். என்எம்ஓவுக்குக் காரணமான எதிர்ப்பானை அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2004ல் கண்டுபிடித்தது. அதற்கு முன் இதெல்லாம் எம்எஸ்ஸின் ஆசிய வகை என்றே பாடப்புத்தகத்தில் இருந்தது. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவற்றை என்எம்ஓ நோயாளிக்குக் கொடுத்தால் நோய் முற்றும். கண் போகும், நடை போகும். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழு இதற்கென்று பதிவேடு வைத்து, நம்மவர்கள் ரத்தத்தில் இந்த எதிர்ப்பான்களைச் சோதித்துத் தொடர்ந்து எழுதி வருகிறது. வெள்ளைக்காரர் ரத்தத்தை மட்டும் வைத்துப் படித்திருந்தால் இங்கே யாருக்கு எந்த நோய் என்று பிரிக்கவே முடியாது.

சந்தேகப்பேர்வழி

எல்லாம் சரி. நான் கேட்பது வேறு. நம் உடம்பை வைத்துப் படிப்பார்கள், மருந்து கண்டுபிடிப்பார்கள், கடைசியில் ஊசி ஒன்றுக்கு லட்சக்கணக்கில் நமக்கே விற்பார்கள். எனக்கு 24 வயதில் வந்தது, இப்போது 35. எத்தனை மருந்து வந்தது, எதையாவது நான் வாங்க முடிந்ததா? இன்டர்ஃபெரான் ஊசியை ஃபிரிட்ஜில் வைத்து, கரண்ட் போனால் ஐஸ் பெட்டிக்கு ஓடி, ஒவ்வொரு ஊசிக்கும் ராத்திரி முழுவதும் காய்ச்சலில் நடுங்கி, கடைசியில் காசு இல்லாமல் விட்டேன். வேலை போனது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போனால் அன்றைக்குப் பார்த்து நன்றாக நடந்து தொலைத்தேன், "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சதவீதத்தைக் குறைத்துப் போட்டார்கள். சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதம் வரவில்லை. இவர்களுக்கு நான் ரத்தம் வேறு கொடுக்க வேண்டுமா? சோதனை எலியாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

கடலோடி

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் எம்எஸ் பெயர் சொல்லியே இருக்கிறது, ஆனால் அளப்பவர் கைகால் அசைவதைத்தான் அளக்கிறார். களைப்பை எந்த டேப்பால் அளப்பது? நான் மறுபடி விண்ணப்பித்தபோது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ அறிக்கை, பழைய ரிலாப்ஸ் விவரம் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுபோனேன். நீங்களும் மேல்முறையீடு செய்யலாம்.

நைட்டூட்டி

சந்தேகப்பேர்வழி, பதிவேடும் மருந்துச் சோதனையும் வேறு வேறு. பதிவேட்டில் உங்களுக்கு எந்த மருந்தையும் கொடுக்க மாட்டார்கள், ஏற்கெனவே நடப்பதை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவே. மருந்துச் சோதனை என்றால் 2019ல் வந்த விதிகள் இருக்கின்றன. நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும், எந்தச் சோதனையாக இருந்தாலும் சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவு இணையதளத்தில் முதலிலேயே பதிந்திருக்க வேண்டும். யாராவது உங்களைச் சோதனைக்குக் கூப்பிட்டால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முழிப்பவரிடம் போகாதீர்கள். சோதனை என்ற பெயரில் உங்களிடமே காசு கேட்டால் அது சோதனையே இல்லை, வியாபாரம். ஸ்டெம் செல் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களை இதற்காகத்தான் சொல்கிறேன்.

மூலிகைச்சுடர்108

[விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. 48 நாளில் நரம்பு நோய் தீரும் என்று இனி யாராவது போட்டால் கணக்கையே மூடிவிடுவோம். — மட்டுறுத்துநர்]

பனிக்காலம் (ஸ்காபுறோ)

மூலிகைக்காரரைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கனடாவில் இந்த எம்எஸ் வருத்தம் மிகவும் அதிகம், உலகத்திலேயே கூடின நாடுகளில் ஒன்று. 2009ல் இத்தாலியில் ஸம்போனி என்ற வைத்தியர், எம்எஸ் வருவது கழுத்து ரத்த நாளங்கள் அடைபட்டு ரத்தம் சரியாக வடியாததால்தான், அதை விரித்துவிட்டால் சரி என்றார். அவருடைய மனைவிக்கே எம்எஸ். அதனால் ஆக்கள் உருகிப் போனார்கள். இங்கே அந்தச் சிகிச்சை செய்ய விடவில்லை என்று ஊர்வலம், நாடாளுமன்றத்தில் கதை, பேஸ்புக் குழுக்கள். சனம் வீட்டை அடகு வைத்து போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ, உங்கள் இந்தியாவுக்கும் பறந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா பயணச்சீட்டு வரைக்கும் எடுத்துவிட்டார். போனவர்கள் சிலர் திரும்பி வந்து "கால் சூடாகிவிட்டது, தலை தெளிந்துவிட்டது" என்று வீடியோ போட்டார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 104 பேரை எடுத்தது. பாதிப்பேருக்கு உண்மையாகவே ரத்த நாளத்தை விரித்தார்கள், மற்றவர்களுக்குக் குழாயை மட்டும் விட்டு எடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்த வைத்தியருக்கும் தெரியாது. 2017ல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ஒரு வித்தியாசமும் இல்லை. இத்தாலியில் ஸம்போனி தானே செய்த பெரிய ஆய்விலும் பலன் இல்லை என்றுதான் வந்தது, அவரும் அதை வெளியிட்டார்.

அந்த 104 பேரை நினைத்துப் பாருங்கள். வெறும் குழாய்தான் போகலாம் என்று தெரிந்தும் படுத்தார்கள். அவர்களால் எத்தனை குடும்பத்தின் வீடு தப்பியது! ஆராய்ச்சிக்கு உதவுவது என்றால் புது மருந்து கிடைப்பது மட்டுமில்லை, ஏமாறாமல் இருப்பதும்தான். நான் வருடாவருடம் எம்எஸ் நடைக்குப் போவேன், நடக்க முடியாத வருடத்தில் தள்ளுவண்டியில் போனேன், காசு சேர்த்துக் கொடுப்பேன். எங்கள் கோயில் ஆக்கள் முதலில் "என்ன பிள்ளை, கை நீட்டுறாய்" என்று ஒரு மாதிரிப் பார்த்தவர்கள், இப்போது அவர்களே தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள்.

பூந்தோட்டம் (திருச்சி)

தாழம்பூ, ஆராய்ச்சியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கல்யாணத்தைப் பற்றி நான் பேசுகிறேன். எனக்குத் திருமணத்துக்கு முன்பே எம்எஸ் தெரியும். பொண்ணு பார்க்க வந்த இரண்டு இடத்தில் சொன்னோம், இரண்டும் நின்றது. மூன்றாவது இடத்தில் அப்பா சொல்ல வேண்டாம் என்றார், நான் அவர் நம்பர் வாங்கி நேரில் சொன்னேன். அவர் எம்எஸ் என்றால் மைக்ரோசாஃப்டா என்று கேட்டார். இப்போது இரண்டு குழந்தைகள்.

அம்மாவிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். ஒரு காலத்தில் எம்எஸ் உள்ள பெண்ணைப் பிள்ளை பெறவே வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். 1998ல் ஐரோப்பாவில் 12 நாடுகளில் 254 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வந்தது. கர்ப்ப காலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதத்தில், ரிலாப்ஸ் நன்றாகக் குறைகிறது, பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் கூடுகிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் நடந்தது, முதல் பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையைத் தூக்க முடியாமல் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். குழந்தைக்கு வருமா என்று கேட்பார்கள், நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம், மீதிப் பேருக்கு வராது. இந்த நம்பர் என் கையில் இல்லாமல் இருந்திருந்தால் மாமியாரிடம் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. அந்த 254 பேரும் படிவத்தைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தால் நம்பர் எங்கிருந்து வரும்? குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு, சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

குமரித்தாய் (நாகர்கோவில்)

எல்லாரும் அந்த அம்மாவைக் கரித்துக் கொட்டுகிறீர்கள். நானும் ஒரு எம்எஸ் பிள்ளையின் அம்மாதான், மகளுக்கு 22. மார்கழியில் கோலம் போடக் குனிந்தவள் "அம்மா, கழுத்திலிருந்து இடுப்புவரை கரண்ட் பாயுது" என்றாள். குனியும்போதெல்லாம். நான் பேய்க்கோளாறு என்று நினைக்கவில்லை, ஆனால் ஊர் நினைக்கும் என்று பயந்தேன். மறைப்பது மகளைக் கேவலமாக நினைத்து அல்ல. தெரிந்தவுடன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "ஐயோ பாவம், படுத்த படுக்கையாயிருமாமே" என்று பிள்ளை காதுபட அழுதுவிட்டுப் போவார்களே, அதைத் தடுக்கத்தான். மகளே, அம்மாவிடம் சண்டை போடாதே. படிவத்தை அவளையே வாசிக்கச் சொல். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் அப்படித்தான் வாசித்தேன், ஒவ்வொரு வரியாக. எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சை பாதிக்காது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஈஸ்ட்ஹாம் பெடியன் (லண்டன்)

தாமதமாக வருகிறேன், வேலை. எனக்கு 29. ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். நாங்கள் ஊரில் இருந்த காலத்தில் இந்த வருத்தத்தின் பெயரையே கேள்விப்படவில்லை என்று அம்மா சொல்லுவா. "குளிர்தான் காரணம், இங்கே கொண்டுவந்து உனக்கு வருத்தத்தை வாங்கித் தந்துவிட்டோம்" என்று இன்றுவரைக்கும் அழுகை. தேடிப்பார்த்தால் அவா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்துக்கு வந்த ஆசிய, கரீபிய மக்களை வைத்து 1997ல் ஒரு ஆய்வு வந்தது: 15 வயதுக்கு முன் வந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு வந்தவர்களைவிட எம்எஸ் கூட வருகிறது. குளிரா, வெயில் குறைவா, வைட்டமின் டியா, தொற்றா, ஒன்றா எல்லாமா என்பதுதான் பிரச்சினை. அம்மாவிடம் சொன்னேன், அழுகை நிற்கவில்லை, ஆனால் குளிரைத் திட்டுவதை விட்டுவிட்டு வெயிலில் போய் நில் என்று துரத்துகிறா.

இங்கே குயின் மேரி பல்கலைக்கழகத்தில் ஆடம்ஸ் என்று ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். தபாலில் ஒரு குழாய் வரும், அதில் எச்சில் துப்பி மூடித் திருப்பி அனுப்ப வேண்டும், அரை மணி நேரம் முன்னாலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. நுரை வராமல் கோடு வரைக்கும் துப்புவது லேசான வேலையில்லை. ஏன் எங்களைக் கேட்கிறார்கள் என்றால், 2019ல் எம்எஸ்ஸோடு தொடர்புள்ள 233 மரபணு இடங்களைப் பட்டியல் போட்ட பெரிய ஆய்வில் 47,000 நோயாளிகள் இருந்தார்கள், எல்லாம் ஐரோப்பிய வம்சம். எங்கள் ஆக்களுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க எங்கள் எச்சில் வேண்டும். சந்தேகப்பேர்வழி அண்ணை, நீங்கள் கொடுக்காவிட்டாலும் மருந்து வரும், ஆனால் அது யாரை வைத்துச் சோதித்த மருந்தாக இருக்கும்?

அண்ணைக்கு இன்னொன்று. எல்லா ஆய்வும் கம்பெனிக்காரன் செய்வதில்லை. இங்கே ஆக்டோபஸ் என்று ஒரு சோதனை, 2023ல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நோய் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் வகைக்கு. ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சோதித்து, வேலை செய்யாததை இடையில் கழற்றிவிட்டு அடுத்ததைச் சேர்ப்பார்கள், அப்போது காலம் மிச்சம். முதலில் எடுத்த மருந்துகளில் ஒன்று மெட்ஃபார்மின், ஓம், உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் சுகர் குளிசைதான். காசு எம்எஸ் சொசைட்டி போட்டது, அதாவது மாரத்தான் ஓடியும் கேக் விற்றும் சனம் சேர்த்தது. முடிவு வருவதற்கு முன் யாரும் அப்பாவின் குளிசையை எடுத்து விழுங்க வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி

துப்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் மெட்ஃபார்மின் விஷயம் எனக்குத் தெரியாது.

தாழம்பூ

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பூந்தோட்டம் அக்கா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், மைக்ரோசாஃப்ட் வந்த இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

வேறு ஒரு சந்தேகம். ஏப்ரல் கடைசியிலிருந்து மதியம் வெளியே போனால் பழைய கண் மறுபடி மங்குகிறது. ரிலாப்ஸா? ஏசிக்குள் வந்து கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. கத்திரி தொடங்கினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

நைட்டூட்டி

குளிர்ந்ததும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் ரிலாப்ஸ் இல்லை. உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890ல் எழுதியது இது. உறை உரிந்த நரம்பில் உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி தடைபடும், சூடு இறங்கினால் மறுபடி ஓடும். எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் சந்தேகக் கேஸ்களைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு மேல் விடாமல் இருந்தால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல் புதிதாக ஏதாவது தோன்றினால், உடனே போய்க் காட்டுங்கள்.

கடலோடி

கத்திரியில் நான் செய்வது: வெளி வேலை எல்லாம் காலை ஒன்பதுக்குள். ஈரத்துண்டு கழுத்தில். பைக்கில் போகும்போது ஐஸ் தண்ணீர் பாட்டிலை மணிக்கட்டில் ஒற்றிக்கொள்வேன். வெந்நீர்க் குளியல் கிடையாது, எண்ணெய்க் குளியலென்றாலும் பச்சைத் தண்ணீர்தான், பாட்டி எவ்வளவு திட்டினாலும் சரி. ஒன்றுக்கு அவசரமாக வரும் தொல்லை இருக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு குடியுங்கள்.

குமரித்தாய்

நைட்டூட்டி தம்பி, ஏதோ ஒரு வைரஸால்தான் இது வருகிறது என்று வாட்ஸப்பில் வந்தது. மகள் தட்டில் சாப்பிடலாமா என்று உறவில் ஒருத்தி கேட்கிறாள், சொல்ல வாய் கூசுகிறது.

நைட்டூட்டி

தாராளமாகச் சாப்பிடலாம், எம்எஸ் ஒட்டிக்கொள்ளாது. அந்த வைரஸ் எப்ஸ்டீன்-பார். பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலும் இருக்கிறது, கேட்ட அந்த அம்மா உடம்பிலும்தான் இருக்கும். லட்சோப லட்சம் பேரில் மிகச் சிலருக்கே எம்எஸ் வருகிறது. ஆனால் வைரஸ் இல்லாமல் எம்எஸ் வருவது அனேகமாக இல்லை என்று 2022ல் ஹார்வர்டு குழு காட்டியது. அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்த இழைக்கே பதில். அமெரிக்க ராணுவத்தில் எச்ஐவி சோதனைக்காக அவ்வப்போது எடுத்த ரத்தத்தின் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். 20 வருடத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல். அதில் 955 பேருக்குப் பின்னாளில் எம்எஸ் வந்தது. ரத்தம் கிடைத்த 801 பேரில் ஒரே ஒருவர் தவிர எல்லாருக்கும் நோய் தொடங்கும் முன்பே அந்த வைரஸ் வந்துபோயிருந்தது. தொற்று வந்த பிறகு எம்எஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு. இப்போது அதற்குத் தடுப்பூசி தயாரிக்க முயற்சி நடக்கிறது. நம் ஊரில் இந்த வைரஸ் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது, மேல்நாட்டில் பலருக்கு வாலிபத்தில் வருகிறது. அதனால்தான் இங்கே எம்எஸ் குறைவா, இல்லை நாம் சரியாக எண்ணவே இல்லையா என்று கேட்டால், எண்ணினால்தான் சொல்ல முடியும்.

தாழம்பூ

தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கிவிட்டேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்து வாசித்தார். மூன்று இடத்தில் கோடு போட்டிருக்கிறார். ஒன்று, ரத்தம் எடுத்தால் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள். இரண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா. மூன்று, தொடர்பு எண் என்ற இடத்தில் வீட்டு நம்பர் போடக்கூடாது, உன் நம்பர் மட்டும், யாராவது கூப்பிட்டு வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்கிறார். அடுத்த ஓபி நாளில் அவரே கேட்கப்போகிறாராம். பெரியம்மாவுக்கு இன்னும் சத்துக் குறைவுதான்.

சந்தேகப்பேர்வழி

உங்கள் அம்மா கேட்பது எல்லாம் சரியான கேள்விகள். நாலாவதாக என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: எடுத்துக்கொண்டு போனதில் என்ன தெரிந்தது என்று எங்களுக்கு யார் வந்து சொல்வது, எப்போது, எந்த மொழியில்?

நைட்டூட்டி

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒழுங்கான பதில் இல்லை. கட்டுரை ஆங்கிலத்தில் வரும், பாதி காசு கட்டித்தான் படிக்க முடியும். தாழம்பூ, அம்மா இதையும் கேட்கட்டும், வாயால் கேட்காமல் எழுதிக் கொடுக்கட்டும், நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.